படகுக்காரன் கதை

“அவனெல்லாம் ஒரு அப்பனா? தூ!”

செந்தாமரை சோற்றுக் கையை உதறினாள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் சின்னராசு தலையைத் தூக்கவில்லை.

அவர்கள் வீட்டில் இது வழக்கம்தான். நெல்லிவாசலுக்கும் ஆலங்காயத்துக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன் அவன். ஆள் சேருகிற வரைக்கும் வண்டியில் உட்கார்ந்து நாவல் படிப்பான். முடித்ததும் அவளிடம் தருவான். அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதையை வைத்து ஒரே வாக்குவாதம். மனசில் பட்டதை மறைக்கக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம்.

போன மழைக்காலத்தில் மகன் தமிழ்மணி காய்ச்சலில் போனதோடு அந்தப் பேச்செல்லாம் நின்றுபோயிருந்தது. இன்றைக்குத்தான் அவனாகவே ஒரு கதையை எடுத்தான். அவள் இன்னும் படிக்காத கதை.

“புள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் வான்னு பொண்டாட்டி சொல்லி அனுப்புறா. இந்தப் படகுக்காரன், இன்னும் நாலு பேர் ஏறட்டும்னு கரையிலயே நின்னுட்டான்.”

“அப்புறம் படகு ஓட்டையாயிடுச்சுன்னு பொய் வேற சொன்னானா? படுபாவி!”

“வெறும் காய்ச்சல்னு நெனச்சுட்டான், தாமரை.”

“இன்னா நெனப்பு? நம்ம புள்ளைக்கும் இதேதான். ஜீப்பு நடுவழியில மக்கர் பண்ணுச்சு, நீங்க இன்னா பண்ணுவீங்க? அது நம்ம தலையெழுத்து. இவன் வேணும்னேல்ல நின்னான்? காலத்துக்கும் மன்னிக்கக் கூடாது இவன!”

சின்னராசு பாதித் தட்டில் எழுந்து கை கழுவினான்.

“கடைசியில பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுதாங்க?”

“இன்னும் முடிக்கல” என்றான்.

மறுநாள் காலை அவள் ஜீப்பைக் கூட்டும்போது சீட்டுக்கு அடியில் அவன் படிக்கிற புத்தகம் கிடைத்தது. அவளுக்குப் பொறுக்குமா? அவன் கிளம்பியதும் உட்கார்ந்தவள், மத்தியானத்துக்குள் முடித்துவிட்டாள். அடுப்பில் சாமைச் சோறு அடிபிடித்துக் கருகியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவன் அவள் மடியில் புத்தகத்தைப் பார்த்தான். அப்படியே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

“படிச்சுட்டியா?”

“ஒரு எழுத்து விடல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நேத்து ரொம்பத் திட்டிட்டேங்க” என்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. “பாவம் அவன். நாலு பேர் ஏறினாத்தானே வூட்ல அடுப்பெரியும்? புள்ள போவும்னு கண்டானா? இத்தன நாளா ஒண்டியா உள்ளுக்குள்ளயே வச்சுப் புழுங்கியிருக்கான்.”

“அவன்... அவன் பொண்டாட்டி?”

“தலையில அடிச்சுக்கினு அழுதா. ஊரே கேக்குற மாதிரி அழுதா. அப்புறம் மன்னிச்சுட்டா.”

சின்னராசு அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி விம்மினான். பிள்ளையை அடக்கம் செய்த அன்றுகூட அவன் இப்படி அழவில்லை. அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

“எந்திரிங்க. நேத்தும் சரியா சாப்பிடல.”

மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். அது ஒரு நகைக்கடைக் கொள்ளையைத் துப்பறியும் நாவல். அதில் படகும் இல்லை, படகுக்காரனும் இல்லை.