மிதவை மீன்

கடைசி மீனும் சுத்தமாக இருந்தது. இயந்திரம் காட்டிய எண்ணைப் பார்த்ததும் ஆராய்ச்சி மாணவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தொழிற்சாலையின் கழிவுக்குழாய் கடலுக்கடியில் திறக்கும் இடத்தில், ஒரு மஞ்சள் மிதவைக்குப் பக்கத்தில் பிடித்த மீன்கள் அவை. நரம்பையும் கருவையும் சிதைக்கும் பாதரசம் ஈரலில் மண்டிக் கிடக்க வேண்டும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஆழ்கடலில் பிடித்த மீனுக்கும் இதற்கும் மருந்துக்குக்கூட வித்தியாசம் இல்லை.

"மூணு மணிக்குள்ள அறிக்கை குடுக்கணும். கடல் சுத்தம்னு எழுதிடு, வேற வழியில்ல" என்றான் சோடாபுட்டி. கண்ணாடியின் தடிமனால் அந்தப் பெயரைச் சம்பாதித்த சக மாணவன். அப்படி எழுதினால் தொழிற்சாலைக்கு இரண்டாவது குழாய் போட அனுமதி கிடைத்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டு வருட உழைப்பு. இயந்திரம் கைக்கு வந்ததே இந்த மாதம்தான். அதுவரை ஈரல்களை உறைபெட்டியில் சேர்த்து வைத்துக் காத்திருந்தார்கள். வாரம் தவறாமல் இரண்டு இடங்களிலும் வலை போட்டு, இரண்டு பெட்டிகளில் மீன் கொண்டுவந்து கொடுத்தவர் அவளுடைய அப்பா.

மீன் பிடிப்பவருக்கு எது சந்தேகத்துக்குரிய இடம் என்று தெரியக்கூடாது, தெரிந்தால் கை தானாக அதற்கேற்ற மீனைப் பொறுக்கும் என்பது பேராசிரியரின் கண்டிப்பான விதி. விடுதியில் தங்கிப் படிப்பவள் எப்போதாவது வீட்டுக்குப் போனாலும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. பெற்ற அப்பாவிடமே வாயைத் திறக்கவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பதினோரு மணிக்கு அப்பா அந்த வாரத்துப் பெட்டிகளோடு ஆய்வகத்தின் பின்வாசலில் வந்து நின்றார். கயிற்று முடிச்சு அவர் விரலுக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வலை பின்னுகிற மனிதர். வயதாகிறது, பாவம் என்று நினைத்து அவளே அவிழ்த்தாள். அண்ணிக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

மிதவைப் பெட்டியில் இருந்த மீன்கள் ஒரே அளவில், ஒரு கீறல் இல்லாமல் மினுங்கின. அவளுக்கு என்னவோ இடித்தது.

"அப்பா, இது மிதவைகிட்ட பிடிச்சதுதானே?"

அவர் பிடரியைச் சொறிந்தார். அங்கே ஒரு வாரம்கூட வலை போடாமல் விட்டதில்லை என்று சத்தியம் செய்தார். பிறகு கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலச் சிரித்தார்.

"அங்க வர்றது எல்லாம் புண்ணும் கோணல் முதுகுமா இருக்கும்மா. படிச்சவங்க முன்னாடி அதையா கொண்டுவந்து வைக்கிறது? உனக்குத்தானே தலைகுனிவு. அதான் ஆரம்பத்துல இருந்தே ரெண்டு பெட்டியிலயும் ஆழத்து மீனையே போட்டுட்டேன்."

சோடாபுட்டி மேசையில் ஓங்கித் தட்டினான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடல் சுத்தமில்லை, அவள் சந்தேகம் சரி, இரண்டாவது குழாயைத் தடுத்துவிடலாம். இரண்டு வருடத்தைப் பாழாக்கியவர் மேல் கோபம் வரவில்லை, கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது.

இனி அந்த அசிங்கமான மீன்தான் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றாள். இத்தனை நாள் பிடித்ததையெல்லாம் கடலிலேயே கொட்டிவிட்டீர்களா என்று கேட்டாள்.

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. வலையில் வந்ததைக் கொட்டிவிட்டு வருகிற ஆளா அவர்?

"வீணாக்குவேனாம்மா? ரெண்டு வருஷமா வீட்டுல எல்லாரும் அதத்தானே சாப்பிடுறோம்."