காணாமல் போன பதினாறு பக்கம்

ஏழாம் கேள்விக்கு அந்தப் பெண் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

தாள், நவீன பிரிட்டிஷ் இலக்கியம். பாடத்திலுள்ள நாவல் "அவள் கதவுப் பக்கம் போய்" என்று பாதி வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறதே, ஏன்? சுயமாகச் சிந்தித்து எழுதுக. பதினைந்து மதிப்பெண்.

சுயமாக என்ன சிந்திக்க வேண்டும் என்று விடைக்குறிப்பில் ஐந்து பாயிண்ட் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள்.

காலையிலிருந்து நாற்பது தாள் திருத்தியாயிற்று. நாற்பது பேரும் அதே ஐந்தைத்தான் சுயமாகச் சிந்தித்திருந்தார்கள். திறக்காத கதவு, போருக்குப் பிந்தைய தனிமையாம். வைக்காத முற்றுப்புள்ளி, கடவுள் இல்லாத உலகமாம். இருபது வருஷமாகப் பிள்ளைகள் இந்தக் கதவைப் போட்டு உலுக்குகிறார்கள்.

இவள் மட்டும் வேறு எழுதியிருந்தாள். நம் பாடப்புத்தகத்தில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை, பைண்டிங்கில் விட்டுப்போயிருக்கிறது. வேறு ஊர் நூலகத்தில் பழைய பதிப்பை எடுத்துப் படித்தேன். அவள் கதவைத் திறக்கிறாள். சாவியை மறந்துவிட்டுப் போன புருஷன் மழையில் நிற்கிறான். அவனை வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். பிறகு இருவரும் சூப் குடிக்கிறார்கள். சுபம்.

கீழே ஒரு குறிப்பு வேறு. இது என் கடைசி வாய்ப்பு. தேறாவிட்டால் பட்டம் கிடையாது. ஆனாலும் கண்ணால் பார்த்த பிறகு பொய் எழுத மனசு வரவில்லை. இப்படிக்கு, உண்மையுள்ள மாணவி.

அடிப்பாவி! கூட்டிப் பார்த்தேன். இன்னும் பதினான்கு கிடைத்தால் தேறிவிடுவாள்.

தாளைத் தூக்கிக்கொண்டு தலைமைத் தேர்வாளரிடம் போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"புத்தகத்துல இல்லாததை எழுதியிருக்காளே மேடம், இதுக்கு எப்படி மார்க் போடுறது? முட்டை போட்டு அனுப்புங்க."

"சுயமா யோசிக்கச் சொன்னது நாமதானே சார்?"

சொன்னோம்தான், ஆனால் இந்த யோசனை விடைக்குறிப்பில் இல்லையே என்றார். மனுஷன் முகத்தில் கள்ளம் கபடமே இல்லை. குறிப்பை மீறித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறதாம். ஆதாரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதையும் எடுத்து நீட்டினார்.

இடத்துக்கு வந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். முட்டை பாதி வளைந்திருந்தது. அதோடு நிறுத்தினேன்.

அடித்துவிட்டுப் பதினைந்து போட்டேன்.

படிவத்தில் 'ஆதாரம்' என்ற கட்டத்தில், மாணவி சொல்வது உண்மை, அந்தப் பதினாறு பக்கத்தை நானும் படித்திருக்கிறேன் என்று எழுதினேன்.

அடுத்த கட்டம், 'தெரியவந்த தேதி'.

மறக்கிற தேதியா அது? என் முனைவர் பட்ட ஆய்வேடு, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், முழுக்க முழுக்க அந்தத் திறக்காத கதவைப் பற்றியதுதான். அதைச் சமர்ப்பித்த நாளுக்கு முந்தின நாளைப் போட்டுக் கையெழுத்திட்டேன்.