கால்மாட்டு ஈரம்

சிறுமலைக்குப் போய் இரண்டு மரங்களுக்கு நடுவே துணித் தொட்டில் கட்டிப் படுக்க வேண்டும் என்று வாஜித்துக்கு ஆசை. மழைக்கு மேலே கட்ட, விலை குறைந்த தார்ப்பாய் ஒன்றுக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தான். காய்ச்சலில் போய்விட்ட அவனை அடக்கம் செய்து, மூன்றாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதிய பிறகுதான் பார்சல் வந்தது.

"திருப்பி அனுப்பிருங்க," என்றாள் அவன் அம்மா தாஹிரா.

"பாத்துட்டு அனுப்புவோம்," என்றார் அவன் அப்பா கிதர் முகம்மது. தோல் வியாபாரி, எதையும் பார்க்காமல் விடமாட்டார். கொல்லைத் தென்னைகளில் மகனின் தொட்டிலைக் கட்டி, மேலே தார்ப்பாயை விரித்துக் கட்டினார். அதன் நடுவில் ஒரு குடம் தண்ணீரைத் தேக்கி, அடியில் உள்ளங்கையால் தடவினார். தோலையும் அப்படித்தான் பார்ப்பார். கையில் ஈரமில்லை.

"ஒழுகலை. ஆனா அவன் வளத்திக்கு நீளம் காணாது."

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் பின்வாசலில் நின்று பார்த்தார்கள். அதுவரை காற்றில் ஆடிக்கொண்டிருந்த காலித் தொட்டில் இப்போது ஆடவில்லை. நடுவில் தாழ்ந்து, தரையை ஒட்டித் தொங்கியது.

"கால் நனையுதுங்க," என்றாள் தாஹிரா. "தொட்டிலைக் கொஞ்சம் தலைமாட்டுப் பக்கம் இழுத்துக் கட்டுங்க."

அவர் மழையில் இறங்கிப் போனார். முடிச்சு இறுகியிருந்தது. ஆள் படுத்தால்தான் அப்படி இறுகும். தொட்டிலுக்கு அடியில் தோளைக் கொடுத்து, கனத்தைத் தாங்கிக்கொண்டு மெதுவாக அவிழ்த்தார்.

அவர் திரும்பக் கட்டி முடிக்கிறவரை தாஹிரா கால்மாட்டில் குடை பிடித்தாள்.