தூக்குக்குண்டு தலைவரானது

செங்கற்கள் கூடி, சுவர் வேலைக்குத் தூக்குக்குண்டைத் தலைவராக்கின. நூலில் அசையாமல் தொங்கி, சுவர் நேரா சாய்வா என்று காட்டுவதுதான் அதுவரை அதன் வேலை.

“தலைவர்னா இப்படிச் சும்மா தொங்கலாமா அண்ணே? நாலு பக்கமும் போய்த் தட்டிக்கொடுக்க வேணாமா?” என்றது சாந்து பூசும் கரணை.

குண்டுக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து இங்கும் அங்கும் ஊசலாடி, ஒவ்வொரு செங்கல்லையும் தொட்டுப் பாராட்டியது. செங்கற்கள் பூரித்துப்போயின. வரிசைகள் மளமளவென்று ஏறின.

அடிவரிசைச் செங்கல் ஒன்று மட்டும் முனகியது. “தலைவரே, பாரமெல்லாம் என் ஒரு பக்கமாவே இறங்குது. சுவர் சாயுதான்னு கொஞ்சம் நின்னு பாருங்களேன். இன்னும் ரெண்டு வரிசை ஏறினா நான் நொறுங்கிடுவேன்.”

“எல்லாரும் உற்சாகமா இருக்காங்க, உனக்கு மட்டும் என்னப்பா? எனக்கு நிக்க ஏது நேரம்?” என்று சொல்லிக்கொண்டே குண்டு மறுபக்கம் போய்விட்டது.

இரண்டாவது வரிசை ஏறியதும் அந்தச் செங்கல் நொறுங்கியது. சுவர் மொத்தமும் சரிந்தது.

நூலைச் சாரத்தில் கட்டியிருந்ததால் குண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டம் மெல்ல அடங்கி, வெகுநாளைக்குப் பிறகு அது அசையாமல் நின்றது. நூல் அத்தனை நேராக இருந்தது. ஒத்துப்பார்க்கத்தான் சுவர் இல்லை.