குறட்டை நின்ற இடங்கள்

தூங்கிக்கொண்டே இங்கிலீஷைத் திருத்தக்கூடிய ஒரே மனிதன் இந்தப் பூமியில் நான்தான்.

சிரிக்காதீர்கள். அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதிரே ஒருத்தர் உரக்கப் படிப்பார், நான் அச்சடித்த தாளைப் பார்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்பது குறைந்து கேட்பது மட்டும் மிஞ்சும். ஒரு வாக்கியம் முடியாமல் அந்தரத்தில் தொங்கினால்தான் விழிப்பு வரும்.

இப்போது அந்த விழிப்பும் வருவதில்லை. குறட்டை மட்டும் நிற்கிறது.

லேசுப்பட்ட குறட்டை இல்லை அது. லாரி வருகிறதென்று பக்கத்துத் தெரு நாய்கள் எழுந்து வழிவிடும்.

"எல்லாம் புளுகு" என்பாள் என் மனைவி.

அன்று மதியம் நான் சோஃபாவில் கிடந்தேன். எதிரே மருமகள், மடியில் லேப்டாப்போடு. அவள் நர்ஸ். தலைமை நர்ஸ் பதவிக்கு அவள் எழுதிய விண்ணப்பத்தை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியிருந்தது. இங்கிலீஷில் பாதி வாக்கியங்கள் அரைகுறையாம். மாலைக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் பதவி வேறொருத்திக்கு.

எது முழுசு, எது அரைகுறை என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

"மாமாவை எழுப்பட்டுமா அத்தை?"

"வேணாம் தாயே. எழுப்பினா அச்சகத்துக் கதையை ஆரம்பிச்சுடுவார். நீ பாட்டுக்கு வாய்விட்டுப் படி, தப்பு தானா தெரியும்."

இனி நடந்ததற்கு மருமகள்தான் சாட்சி. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

படித்தாள். குறட்டை சீராக ஓடியது. 'நோயாளி கண் விழித்தபோது' என்று எழுதி, அங்கேயே புள்ளி வைத்திருந்தாள்.

குறட்டை நின்றது.

கண் விழித்தபோது என்ன? யோசித்தாள். அடுத்த வரியை இழுத்து ஒட்டினாள். 'நோயாளி கண் விழித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.'

குறட்டை கிளம்பியது.

'ஏனென்றால் எனக்குப் பொறுமை அதிகம்.' நின்றது. முந்தைய வரியோடு சேர்த்தாள். கிளம்பியது.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை மின்விசிறியைப் பார்த்தாள்.

இப்படியே கடைசி வரிக்கு வந்துவிட்டாள். 'வார்டில் இத்தனை வருட அனுபவத்துடன்.'

நின்றது.

முன்வரியோடு சேர்த்தாள், ஒட்டவில்லை. பின்னால் வரியே இல்லை. அனுபவத்துடன் என்ன செய்யப்போகிறாய்? அதைச் சொல்லத்தான் அவளுக்குக் கூச்சம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டவளில்லை.

வெயில் இறங்கிக்கொண்டே போனது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நானும்தான்.

லேப்டாப்பில் மெல்லத் தட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். 'வார்டில் இத்தனை வருட அனுபவத்துடன், அதை நடத்தும் பொறுப்பை நான் கேட்கிறேன்.'

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாம். அலமாரியில் இரண்டு டம்ளர்கள் உருண்டனவாம். அந்தச் சத்தத்திலேயே அனுப்பிவிட்டாள்.

விளக்கேற்றும் நேரத்துக்குப் பதில் வந்தது. திருத்த ஒன்றுமில்லை, நேர்காணலுக்கு வரவும்.

மருமகள் குதித்தாள். விவரம் கேட்டு அவளைவிட உயரமாக நான் குதித்தேன். குதித்த கையோடு மனைவியின் எதிரே போய் நின்றேன்.

"இப்பவாவது ஒத்துக்கோ."

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"நடந்தது நெசம்தான். கல்யாணமான புதுசிலேயே எனக்குத் தெரியும். நீங்க தூங்கறப்போதானே உங்களை ஆசைதீரத் திட்டுவேன்? பாதியில விட்டா குறட்டை நின்னுடும். எங்கே முழிச்சுக்கப்போறீங்களோன்னு, இன்னிக்கு வரைக்கும் ஒரு திட்டைக்கூட நான் அரைகுறையா விட்டதில்லை."