பாதிக்கு மேல்

அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால், ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்றது சர்வர்.

மறுபடி போட்டேன். மறுபடியும் அதையே சொன்னது. கூச்சமே இல்லை அதற்கு.

தொலைபேசியின் மறுமுனையில் ஆபரேட்டர் ஐயா காத்திருந்தார். ஒரு மருத்துவமனையில் காலமெல்லாம் தொலைபேசி இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கண் தெரியாது. அவரைப் போன்றவர்களுக்காகத் தன்னார்வலர்கள் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தரும் ஒலிநூலகம் ஒன்று இருக்கிறது. அதன் சர்வரைப் பார்த்துக்கொள்வது எங்கள் அலுவலகம். ஒவ்வொரு நூலின் குறிப்பிலும் கடைசி வரியில் வாசித்தவர் பெயர் இருக்கும்.

அவர் தேடச் சொன்னது அவருடைய மனைவியின் பெயரை.

“அவ குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு தங்கச்சி. ஒண்ணு ரெண்டு போதாது, அவ வாசிச்சது எல்லாமே வேணும். உங்க மெஷின் என்னடான்னா அப்படி ஒருத்தியே இல்லைங்குது.”

நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஆறுதல் சொல்ல வராது. வேலை செய்யத்தான் வரும்.

“லைன்லயே இருங்கய்யா, பாத்துடறேன்.”

“இருக்கோம்மா” என்றார்.

கூடவே ‘டொக்’ என்று ஒரு சத்தம். விரலால் மேசையில் தட்டுகிறார் போலிருக்கிறது, பொறுமை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாவம், யாருக்குத்தான் போகாது?

எந்தச் சொல் எந்தப் பதிவில் இருக்கிறது என்று சர்வர் தனியாக ஓர் இண்டெக்ஸ் வைத்திருக்கும். அது கெட்டுப்போயிருக்குமோ என்று அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். பலனில்லை.

வேறு பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு சிறுகதையை வாசித்துவிட்டுத் தலைமறைவான ஒரு தையல்காரர் உடனே வந்து நின்றார். இருமி இருமி நாலு புத்தகம் வாசித்த தபால்காரரும் வந்தார். இந்த அம்மா மட்டும் வரவில்லை.

“ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்டி” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. எந்த நோய்க்கும் அவளிடம் இருக்கும் ஒரே மருந்து அதுதான். வேறு வழியில்லாமல் அதையும் செய்தேன்.

எதுவும் கிடைக்கவில்லை.

தேடலை விட்டுவிட்டுப் பதிவுகளையே நேராகத் திறந்தேன். முதல் நூலின் கடைசி வரியில் அந்த அம்மாவின் பெயர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. அதற்கும் அடுத்ததில் இருந்தது. சட்டம், துப்பறியும் கதை, குழந்தை வளர்ப்பு, தையல் மெஷின் பழுதுபார்க்கும் கையேடு. கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறார்.

மொத்தம் எத்தனை என்று எண்ணச் சொன்னேன். நூலகத்தில் பாதிக்கு மேல் அவர் வாசித்தவை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்களுடையது பழைய வகை டேட்டாபேஸ். பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் ஒரு சொல் வந்துவிட்டால், ‘மற்றும்’, ‘என்று’ மாதிரி எங்கும் இறைந்து கிடக்கிற சொல்தானே, இதைப் போய் யார் தேடப்போகிறார்கள் என்று அதுவே ஒதுக்கித் தள்ளிவிடும். தையல்காரர் ஒரு கதையோடு நிறுத்திக்கொண்டதால் தப்பித்தார். தொண்டை வற்ற வற்ற வாசித்த மனுஷிக்கு அது செய்த மரியாதை இது. ஒரு இயந்திரத்தின் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

தேடும் முறையை மாற்ற ஒரு வரி போதும். எந்தச் சொல்லையும் ஒதுக்காதே என்று எழுதிவிட்டுப் பெயரைப் போட்டேன்.

திரை நிரம்பியது. உருட்ட உருட்டப் பட்டியல் வந்துகொண்டே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பக்கத்து இருக்கைக்காரி பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஐயாவிடம் காரணத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“வீட்டுலயும் அப்படித்தாம்மா. பாதிக்கு மேல அவ பேச்சுதான். அதனாலயே என் காதுல ஏறாது.”

மறுபடி மேசைச் சத்தம். இந்த முறை இரண்டு தட்டு, கொஞ்சம் வேகமாகவே.

“சரி, எதை முதல்ல போடலாம்? தையல் மெஷின் புத்தகம் போடவா?” என்றார்.

எதைச் சொல்வது? யோசித்து யோசித்து, எனக்கு வராத அந்த ஆறுதலைச் சொல்லிப் பார்த்தேன். “எதைப் போட்டாலும் சரிங்கய்யா. அம்மா உங்க கூடவே இருக்கற மாதிரி இருக்கும்.”



“கூடத்தானே இருக்கா. உன்னைக் கேக்கல தங்கச்சி, இவளைக் கேட்டேன். தொண்டையில ஆபரேஷன். உசுரைக் காப்பாத்திட்டாங்க, குரலை எடுத்துட்டாங்க. எழுதிக் காட்டினா எனக்குத் தெரியாதே. அதான், ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு.”

இவ்வளவு நேரமும் நான் மூன்று பேர் பேச்சில் இருந்திருக்கிறேன்.

அவர் ரிசீவரிலிருந்து முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். குரல் தூரத்தில், மெதுவாகக் கேட்டது.

“உன் குரல்தான். போடட்டுமா?”

சத்தமே இல்லை. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பிறகு, டொக்.

இன்னொரு தட்டு வந்துவிடக் கூடாதே என்று காத்திருந்தேன். வரவில்லை.