பங்கு போட்ட மின்சாரம்

“ரெண்டு வண்டியில எது முதல்ல கிளம்புதோ, அதுல நான் ஏறிக்கிறேன்,” என்றார் மாமனார்.

அன்று காலையில்தான் அவருடைய கடைசி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பாதி வழிதான் வந்திருந்தார்கள். மற்ற இரு மாப்பிள்ளைகளின் மின்சாரக் கார்களும் சார்ஜ் குறைந்துபோய், நெடுஞ்சாலை ஓரத்து நிலையத்துக்குள் அடுத்தடுத்து நுழைந்தன.

மூத்த மாப்பிள்ளைக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. கல்யாணமான நாளிலிருந்து மாமனாருக்கு அவருடைய முன்சீட்டுதான். கண் டாக்டரிடம் போவதானாலும் துக்கம் விசாரிக்கப் போவதானாலும், “பெரிய மாப்பிள்ளை எங்கே?” என்றுதான் கேட்பார். போன மாதம் இரண்டாவது மாப்பிள்ளையான சின்னவர் புது வண்டி எடுத்தார். அன்றிலிருந்து மூத்தவருக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது மாமனாரையும் பாதி வழியில் பறிகொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

மூலையில் விலை குறைந்த, மெதுவான சார்ஜர் ஒன்று காலியாகவே இருந்தது. மற்ற நாளென்றால் மூத்தவர் நேரே அங்கேதான் போவார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். ஆனால் சின்னவர் அதிவேக சார்ஜரின் வலப்பக்கம் வண்டியை விட்டதும், இவரும் வீம்புக்கு அதன் இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

விலைப் பலகையை இரண்டு தடவை படித்தார். வீட்டில் ஆகிற செலவைப்போல் மூன்று மடங்கு. சாயங்கால நேரம் என்பதால் அதற்கு மேலும் கொஞ்சம். பலகையின் முன்னால் நின்று அவர் புலம்பி முடிப்பதற்குள், ஊழியர் இரண்டு வண்டிகளுக்கும் வயரைச் சொருகிவிட்டார். தடித்த வயர்கள் தரையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

“ஒரே மெஷின் சார், ரெண்டு வண்டியும் கரண்டைப் பங்கு போட்டுக்கும். நடுவுல நிறுத்தினா இடத்தைக் காலி பண்ணணும். பின்னாடி வரிசை நிக்குது,” என்று மூத்தவரிடம் சொல்லிவிட்டு ஊழியர் அடுத்த மெஷினுக்குப் போனார்.

மூத்தவரின் மனைவி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து ஆஸ்பத்திரியில் இருக்கும் தங்கைகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மற்ற மூவரும் மெஷின் முன்னால் நின்றார்கள். அதில் இடது வலதாக இரண்டு திரைகள். இடது திரையில் வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. வலது திரையில் எண்பது.

சின்னவர் வலது திரையைக் காட்டி, “என்ன வேகம் பாருங்கண்ணே. சும்மா குடிக்குது,” என்றார்.

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றார் மூத்தவர். புது வண்டி வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும். அதற்காக முகத்துக்கு நேரே இப்படியா பீற்றிக்கொள்வது? மாமனாரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வலது திரையையே வாய் பிளந்து பார்த்தார். இடப்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் தலையா போய்விடும்?

சின்னவர் மாமனாரைத் தள்ளி அழைத்துப்போய் ஏதோ சொன்னார். பிறகு செல்போனை எடுத்து எதையோ தட்டினார். அவ்வளவுதான், இடது திரை பூஜ்யத்துக்கு விழுந்தது. வலது திரை கிடுகிடுவென்று ஏறி நூற்றிருபதில் போய் நின்றது. மாமனார் சின்னவரின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மூத்தவர் அந்தக் கையையே பார்த்தார். இத்தனை வருஷமாக ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைந்தாரே, அந்தக் கை இவர் முதுகில் ஒரு தடவையாவது பட்டதுண்டா? போனிலேயே ஏதோ தில்லுமுல்லு பண்ணி இவர் பங்கையும் உறிஞ்சிக்கொண்டுவிட்டான் பாவி. இனி பேத்தியைக் காட்டக் கூட்டிப்போன பெருமை அவனுக்கு. நாளையிலிருந்து மாமனார் உட்காரும் முன்சீட்டும் அவனுடையது.

மாமனாரும் சின்னவரும் தண்ணீர் வாங்கக் கடைப்பக்கம் நடந்தார்கள். ஊழியர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வலது திரைக்குக் கீழே ‘நிறுத்து’ என்று ஒரு சிவப்புப் பொத்தான். அது நின்றால் கரண்ட் முழுவதும் இந்தப் பக்கம்தானே வந்தாக வேண்டும்? மூத்தவர் முகத்தைத் துடைப்பதுபோல் கைக்குட்டையை எடுத்தார். அதன் மறைவிலேயே பொத்தானை அழுத்தினார்.

வலது திரை அணைந்தது. வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இடது திரை ஏறட்டும் என்று காத்திருந்தார். அது ஏறவில்லை.

அவருடைய வண்டியின் கண்ணாடி இறங்கியது. மனைவி தலையை நீட்டினாள். “ஏங்க, ஜோரா ஏறிக்கிட்டு இருந்துச்சு, நம்ம வண்டி பட்டுனு நின்னுடுச்சே. நீங்க எதையாவது தொட்டீங்களா?”

வரிசையில் முதலில் நின்ற வண்டி ஹார்ன் அடித்தது. தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்த சின்னவர், அணைந்திருந்த வலது திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“என்னண்ணே இது, வயர் எட்டலைன்னு இங்க வேலை பாக்கறவர் மாத்திச் சொருகிட்டார், வலது பக்கம் ஓடினது உங்க வண்டிதான். என் வண்டி மெதுவாத்தான் ஏறுது, நீங்களாவது மாமாவை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பீங்கன்னுதானே நான் என்னோடதை நிறுத்தி, என் பங்கையும் உங்களுக்கே விட்டேன்.”